ஓர்க்குகளின் மருந்துப்பெட்டி

ஓர்க்குகளிடம் மருத்துவம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாளில் தொடங்கிச் சாட்டையில் முடித்துவிடுவது வழக்கம். மருந்துப்பெட்டி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் இரண்டாம் பகுதியில் அந்தப் பெட்டி வருகிறது. ஹாபிட் என்னும் குட்டை இனத்தைச் சேர்ந்த மெரி, பிப்பின் என்ற இரண்டு இளைஞர்களை ஓர்க்குகள் கைதிகளாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மெரியின் நெற்றியில் வெட்டுக்காயம். ஐசன்கார்டு கோட்டையைச் சேர்ந்த உக்லூக் என்ற தலைவன் அவனைப் பிடித்து உட்காரவைத்து, கட்டைப் பிய்த்தெறிந்து, சின்ன மரப்பெட்டி ஒன்றிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்துப் புண்ணில் அப்புகிறான். மெரி அலறித் துடிக்கிறான். சுற்றி நிற்கிறவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். உக்லூக்குக்கு விளையாட நேரமில்லை. அவனுக்கு நடக்கக்கூடிய கைதி வேண்டும். குடுவையிலிருந்து எரிக்கும் பானத்தை ஒரு மடக்கு வாயில் ஊற்றி, கால் கட்டை அறுத்து நிறுத்துகிறான். மெரி நிற்கிறான். அந்தக் காயம் அதற்குப் பிறகு அவனைத் தொந்தரவு செய்யவே இல்லை. பழுப்பு நிறத் தழும்பு மட்டும் சாகும்வரை இருந்தது.

ஒரு களிம்பு என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவோ இருக்கிறது. பச்சிலையோ பட்டையோ தேடிக் கொண்டுவர ஆள் வேண்டும். அரைக்கவும் காய்ச்சவும் பக்குவம் தெரிய வேண்டும். அந்தப் பக்குவத்தை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். படை கிளம்பும்போது மறக்காமல் அதை எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். ஓர்க்குகளுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது என்பதற்கு எனக்கு இந்தப் பெட்டி போதும். அந்த வாழ்க்கை நமக்கு நேராக வந்து சேரவில்லை. கட்டிப்போடப்பட்டவர்களும் ஒளிந்திருந்தவர்களும் ஒட்டுக்கேட்டுச் சொன்னதாகவே வந்திருக்கிறது.

டோல்கீன் தம் கதைக்கு ஒரு மூலநூலைக் கற்பித்திருக்கிறார். ‘செம்புத்தகம்’ என்பது அதன் பெயர். பில்போ, ஃப்ரோடோ, சாம் ஆகிய ஹாபிட்டுகள் எழுதி வைத்தது. ஓர்க்குகளைப் பற்றி அதில் இருப்பதெல்லாம் அவர்களிடம் அடிபட்டவர்களும் அவர்களுக்கு அஞ்சி ஓடியவர்களும் தந்த செய்தி. பிப்பின் கைகால் கட்டப்பட்டுத் தரையில் கிடந்தபடி கேட்டான். சாம், கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மோதிரத்தை மாட்டிக்கொண்டு, மலைச் சுரங்கத்தின் இருட்டில் பின்தொடர்ந்து கேட்டான். பிறகு இருள்மன்னன் சாரோன் ஆளும் மோர்டோர் நாட்டுத் தரிசில் ஃப்ரோடோவும் அவனும் மறைந்திருந்து இன்னும் இரண்டு ஓர்க்குகளின் சண்டையைக் கேட்டார்கள். எந்த ஓர்க்கும் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லவில்லை. யாரும் அவனைக் கேட்டதும் இல்லை. ஆனாலும் ஒட்டுக்கேட்ட பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு: பேசுகிறவன் நமக்காகப் பேசவில்லை.

‘ஓர்க்’ என்ற சொல்லைத் தமிழாக்காமல் வைத்திருக்கிறேன். அரக்கர் என்று எழுதினால் இலங்கையும் புட்பக விமானமும் கூடவே வந்துவிடும். பூதம் என்றால் கோயில் வாசலில் காவலுக்கு நிற்பவர் நினைவுக்கு வருவார். டோல்கீனே மொழிபெயர்ப்பாளர்களுக்கு எழுதிய குறிப்பில் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார். வேறு மரபுகளின் பெயர்கள் இவர்களுக்குப் பொருந்தா என்பது அவர் கருத்து. பழைய ஆங்கிலத்தில் பேய் என்ற பொருளில் ஓர்க் என்ற சொல் இருந்தது. ‘பேவுல்ஃப்’ காவியத்திலும் அதன் சாயலில் ஒரு சொல் உண்டு. ஓசை பொருத்தமாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன் என்றார் அவர். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ நூலில் இதே மக்களைப் பெரும்பாலும் ‘காப்ளின்’ என்று குறிப்பிடுகிறார். பெயர்தான் இரண்டு, குடி ஒன்று.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஓர்க்குகளுக்குச் சொந்த மொழி கிடையாது, பிறர் மொழிகளை எடுத்துச் சிதைத்துக்கொண்டார்கள் என்று நூலின் பின்னிணைப்பு சொல்கிறது. திட்டவும் சபிக்கவும் தவிர வேறெதற்கும் அந்தப் பேச்சு போதாது என்றும் சேர்த்துக்கொள்கிறது. பகைவன் எழுதிய இலக்கணக் குறிப்பு இப்படித்தான் இருக்கும். ஆனால் அதே பின்னிணைப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது, அதுதான் முக்கியம். இருண்ட ஆண்டுகளில் சாரோன் தானே ஒரு மொழியைச் செய்தான். கருமொழி என்று அதற்குப் பெயர். தன் ஆட்களெல்லாம் அதையே பேச வேண்டும் என்று விரும்பினான். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. சாரோன் முதல் முறை வீழ்ந்ததும் அதன் பழைய வடிவம் நாஸ்கூல் என்னும் மோதிரப் பிசாசுகளைத் தவிர எல்லோருக்கும் மறந்து போனது. ஓர்க்குகளின் வாயில் தங்கியது சில சொற்கள்: நெருப்புக்குக் ‘காஷ்’, அடிமைக்கு ‘ஸ்னாகா’, கருங்கோட்டைக்கு ‘லுக்பூர்ஸ்’. மோதிரத்தைக் கொண்டே உலகத்தைக் கட்டிப்போட நினைத்தவனால் தன் சேவகர்களின் நாக்கைக் கட்டிப்போட முடியவில்லை. மலைக்கு மலை ஒரு பேச்சு உண்டாயிற்று. மோரியா ஆட்கள் பேசுவது மோர்டோர் ஆட்களுக்குப் புரியவில்லை. அதனால் வெவ்வேறு குடிகள் கூடும்போது பொதுமொழியில் பேசினார்கள். அது மனிதர்களும் ஹாபிட்டுகளும் பேசுகிற மொழி. பிப்பினுக்கு அவர்கள் சண்டை புரிந்தது அதனால்தான். ஐசன்கார்டு, மோரியா, மோர்டோர் என்று மூன்று கூட்டத்தார் தங்களுக்குள் புரிந்துகொள்ள முடியாமல் போனதால் நமக்குப் புரிந்தது.

கடன் வாங்கிய சொற்களும் இருந்தன. கோண்டோர் நாட்டு மனிதனை அவர்கள் ‘டார்க்’ என்பார்கள். எல்ஃப் என்னும் மூத்த இனத்தாரின் உயர்மொழியில் ‘டார்கில்’ என்ற கௌரவமான சொல் ஒன்று உண்டு. மேன்குலத்து மனிதனைக் குறிப்பது. அது பொதுமொழி வழியாக ஓர்க்குகளிடம் வந்து, வால் தேய்ந்து, வசவாகிவிட்டது. சொற்கள் ஊர் மாறும்போது என்ன ஆகும் என்று கவனித்திருக்கிறவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. டோல்கீன் மொழியியல் பேராசிரியர். இந்த ஒரு சொல்லின் பயணத்திலேயே எல்ஃப், மனிதன், ஓர்க் மூவரும் ஒரே சந்தையில் நின்றவர்கள் என்று காட்டிவிட்டார். ஓர்க்குகளின் பேச்சு தாம் எழுதியதைவிட இன்னும் மோசமானது, வாசகர்களுக்காக மட்டுப்படுத்தியிருக்கிறேன் என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். நம் கையில் இருப்பது கழுவித் துடைத்த பிரதி.

எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். மோரியாவுக்குத் திரும்பிவந்த குள்ளர் அரசன் த்ரோரின் தலையை வெட்டியவர்கள், அதன் நெற்றியில் அஸோக் என்ற தங்கள் தலைவனின் பெயரைச் சூட்டால் எழுதினார்கள். குள்ளர்களின் எழுத்திலேயே எழுதினார்கள், குள்ளர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. மூன்றாம் யுகம் 2790ஆம் ஆண்டு நடந்த இந்தக் கொடுமைக்காகத் தொடங்கிய போர் 2799 வரை நீடித்தது. கொடுமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பகைவனின் எழுத்தைக் கற்றுவைத்திருந்தவர்களை எழுத்தறியாதவர்கள் என்று சொல்ல முடியாது என்பதையும் விட்டுவிட மாட்டேன். நாற்சந்தி ஒன்றில் பழைய அரசனின் சிலையில் தலையை எடுத்துவிட்டு உருண்டைக் கல்லை வைத்து, அதில் ஒற்றைச் சிவப்புக் கண்ணைத் தீட்டி, முழங்காலிலும் பீடத்திலும் கிறுக்கி வைத்ததும் இவர்களேதான்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சாம்பல் நிறத்துப் பழைய ரொட்டி, உலர்த்திய பச்சை இறைச்சி வார். பிப்பின் ரொட்டியைத் தின்றான். இறைச்சியைத் தொடவில்லை, என்ன பிராணியுடையது என்று நினைத்துப் பார்க்கவே பயம். மனித இறைச்சி தின்றார்கள் என்று உக்லூக் வாயாலேயே வருகிறது. அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ரொட்டி என்றால் மாவு, மாவு என்றால் தானியம். மோர்டோரின் தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் உழுத வயல்கள் இருந்தன என்று நூல் சொல்கிறது. கப்பம் கட்டும் நாடுகளிலிருந்து சரக்குகள் வண்டிகளில் வந்தன.

பாட்டும் உண்டு. ‘தி ஹாபிட்’ நூலில் மூடுபனி மலையின் காப்ளின்கள் மரங்களில் ஏறிக்கொண்ட பயணிகளைச் சுற்றித் தீ மூட்டிவிட்டு ஆடியபடி, அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டுகிறார்கள். பதினைந்து பறவைகளும் ஐந்து மரங்களும் அதில் வருகின்றன. பதின்மூன்று குள்ளர்கள், ஒரு ஹாபிட், ஒரு மந்திரவாதி. கணக்கு சரியாக இருக்கிறது. ஏசல் பாட்டிலும் எண்ணிக்கை பிசகாத புலவர்கள்.

அவர்களின் அரசியலைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி ஒரே ஒரு உரையாடலிலிருந்து வருகிறது. கிரித் உங்கோல் கணவாய்க் கோபுரத்தின் தளபதி ஷாக்ராட். மினாஸ் மோர்குல் படையைச் சேர்ந்தவன் கோர்பாக். பிணம் என்று சாம் நினைத்த ஃப்ரோடோவைத் தூக்கிவருகிற வழியில் இரண்டு பேரும் பின்தங்கிப் பேசிக்கொள்கிறார்கள். சாம் கேட்கிறான்.

இருவரும் பழைய கூட்டாளிகள். மேலிடம் தப்புச் செய்யும், எல்லோருக்கும் மேலே இருப்பவர்கூடத் தப்புச் செய்யலாம் என்று கோர்பாக் தொடங்குகிறான். மற்றவன் பதறுகிறான், எங்கும் கண்ணும் காதும் உண்டு, தன் ஆட்களிலேயே இருக்கலாம். நாஸ்கூல்களை நினைத்தாலே தோல் உரிகிறது என்ற பேச்சு வருகிறது. போர் முடிந்ததும் நம்பிக்கையான பையன்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம், கொள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பெரிய முதலாளி யாரும் இருக்கக் கூடாது. அந்தக் காலம் மாதிரி, என்கிறான் ஷாக்ராட். அந்தக் காலம் என்று ஒன்று அவர்களுக்கு இருந்திருக்கிறது. அதற்காக ஏங்குகிறார்கள். கொள்ளையடிக்கத்தான் போகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சாரோனின் படையில் சாரோன் இல்லாத உலகத்தைக் கனவு காண்கிற இருவர் இருந்தார்கள் என்பதை, நான் முதல் முறை வாசித்தபோது, பக்கத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதே பேச்சில் அவர்களின் அறமும் வெளிப்படுகிறது. விழுந்து கிடந்த ஃப்ரோடோவை அவன் துணைவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்து, இது எல்ஃப்களின் வழக்கமான ஈனப்புத்தி என்கிறான் கோர்பாக். கூட்டாளியைக் கைவிடுவது கேவலம் என்பது அவனுக்குத் தெரிகிறது. சற்று நேரம் கழித்து உஃப்தாக் கதை வருகிறது. நாள்கணக்கில் காணாமல் போயிருந்த தங்கள் ஆள் உஃப்தாக்கை ஷெலோப் என்ற பெருஞ்சிலந்தியின் வலையில் கண்டார்கள். உயிரோடு, கண் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தான். சிரித்துவிட்டு வந்துவிட்டார்கள். அவளோடு வம்பு வேண்டாம் என்று. டோல்கீன் ஆய்வாளர் டாம் ஷிப்பி இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்: நல்லது எது என்று அவர்களுக்குத் தெரியும், அது தமக்கும் பொருந்தும் என்றுதான் தெரியவில்லை. எனக்கு இதில் இன்னொன்றும் படுகிறது. வலையிலிருந்து ஒருவனை மீட்டால் என்ன தண்டனை வரும் என்று அறிந்தவர்களின் சிரிப்பு அது.

தண்டனை எப்படிப்பட்டது என்பதற்கும் சான்று இருக்கிறது. எல்லை மீறி வருபவன் எவனாக இருந்தாலும் துணியை உருவி, அவனிடம் இருந்த ஆடை, ஆயுதம், கடிதம், மோதிரம், சில்லறைச் சாமான் ஒவ்வொன்றுக்கும் விவரப் பட்டியல் எழுதி லுக்பூர்ஸுக்கு, அங்கே மட்டும், அனுப்ப வேண்டும். கைதி முழுசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலர் அத்தனை பேருக்கும் மரணம். மோர்டோர் தரிசில் மோப்பம் பிடிக்கிறவனும் சிப்பாயும் சண்டையிடும்போது, உன் பெயரையும் எண்ணையும் நாஸ்கூலிடம் கொடுத்துவிடுவேன் என்று சிப்பாய் மிரட்டுகிறான். எண் போட்டுப் பதிந்து வைத்திருந்தார்கள். காட்டுமிராண்டிக் கூட்டத்துக்கு எண் இருக்காது. அது அலுவலகம். மோப்பக்காரன் பதிலுக்குத் திட்டித் தீர்த்தான். அம்பை எடுத்துச் சிப்பாயின் கண்ணில் விட்டு ஓடிப்போனான்.

‘ஸ்னாகா’ என்ற பெயரில் இரண்டு ஓர்க்குகள் வருகிறார்கள். உக்லூக்கின் கூட்டத்தில் ஒருவன், கிரித் உங்கோல் கோபுரத்தில் ஒருவன். உருக்-ஹை என்ற பெரிய ஓர்க்குகள் சிறியவர்களை இந்தச் சொல்லால் அழைப்பது வழக்கம். அடிமை என்று பொருள். அந்த இருவருக்கும் தாய் வைத்த பெயர் வேறாக இருந்திருக்கும். நம் காதுக்கு எட்டியது கூப்பிட்ட பெயர்தான்.

டோல்கீன் முதல் உலகப் போரில் 1916இல் சோம் போர்க்களத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். மேலதிகாரியைத் திட்டுவது, பக்கத்துப் படைப்பிரிவின் மேல் பழி போடுவது, போர் முடிந்ததும் என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுவது, இதெல்லாம் பதுங்குகுழியில் காதில் விழுந்த பேச்சாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. இரண்டாம் போர் நடந்த 1944இல் மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதிய கடிதத்தில், நிஜ வாழ்க்கையில் ஓர்க்குகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்று எழுதினார்.

அவர்களின் நினைவாற்றலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘தி ஹாபிட்’ கதையில் ட்ரோல்களின் குகையில் கிடைத்த இரண்டு வாள்களை குள்ளர் தலைவன் தோரினும் மந்திரவாதி காண்டால்ஃபும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். எங்கிருந்து வந்தவை என்று இருவருக்கும் தெரியாது. கல்விமானான எல்ராண்ட், அவற்றில் பொறித்திருந்ததைப் படித்த பிறகுதான் கோண்டோலின் நகரத்து வாள்கள் என்று சொல்ல முடிந்தது. ஆனால் மலைக்குள் இருந்த காப்ளின்கள் தோரினின் வாளைக் கண்டதும் கத்துகிறார்கள். படிக்கவில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயரும் உண்டு, கடிப்பவன் என்று, மற்றதற்கு அடிப்பவன். கோண்டோலின் அழிந்து அப்போது 6,000 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எந்த நூலகமும் இல்லாமல் ஒரு வாளின் வடிவத்தை அத்தனை தலைமுறைக்குக் கடத்தியிருக்கிறார்கள். இரவில் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்த மாதிரி வளைவு, இந்த மாதிரி ஒளி, கண்டால் ஓடு என்று. தங்களைக் கொன்ற ஆயுதங்களைப் பற்றிய வாய்மொழி வரலாறு அது.

பிள்ளைகள் என்று சொன்னேன். ஓர்க் குழந்தை ஒன்று நூலில் உண்மையில் வருகிறது, ஒரே வரியில். ‘தி ஹாபிட்’டில் வரும் கோல்லும் என்ற குகைவாசி தன் ஏரியோரத்தில் சற்று முன்பு பிடித்துத் தின்ற சின்னக் காப்ளின் குட்டி. அது கீச்சிட்டது. அவ்வளவுதான். அதன் தாயைப் பற்றி எதுவும் இல்லை. டோல்கீனின் ஆரம்பக் கதைகளில் ஓர்க்குகள் பூமிக்கடியின் வெப்பத்திலும் சகதியிலும் உருவானவர்கள். பீட்டர் ஜாக்சனின் திரைப்படமும் உருக்-ஹைகளைச் சேற்றுக்குழியிலிருந்து பிய்த்தெடுத்தது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது, ஆனால் தாய்மார்களை ஒரே காட்சியில் இல்லாமல் ஆக்கிவிட்டது. அச்சான ‘சில்மரிலியன்’, அவர்கள் எல்ஃப்களையும் மனிதர்களையும் போலவே உயிர் வாழ்ந்து பெருகினார்கள் என்கிறது. 1963இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீனும் ஒப்புக்கொண்டார்: ஓர்க் பெண்கள் இருந்திருக்க வேண்டும். கதைகள் அவர்களைப் போர்வீரர்களாக மட்டுமே பார்ப்பதால் வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரியவில்லை. அஸோக் செத்து 142 ஆண்டுகள் கழித்து ஐந்து படைகளின் போரில் அவன் மகன் போல்க் படை நடத்தி வருகிறான். மகன் என்ற உறவு அத்தனை காலம் பெயரோடு நின்றிருக்கிறது. அப்படியென்றால் வீடு இருந்திருக்கிறது.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி டோல்கீனைக் கடைசிவரை விடவில்லை. பிடித்துச் சித்திரவதை செய்து சிதைக்கப்பட்ட எல்ஃப்கள் என்றார். மனிதர்கள் என்றார். பேசப் பழக்கிய விலங்குகள் என்றும் எழுதிப் பார்த்தார். கிறிஸ்டோஃபர் 1993இல் வெளியிட்ட ‘மார்காத்ஸ் ரிங்’ தொகுதியில் இந்தக் குறிப்புகள் இருக்கின்றன. டோல்கீன் தீவிரக் கத்தோலிக்கர். ஓர் இனம் முழுவதும் மீட்சிக்கு வழியில்லாமல் படைக்கப்பட்டது என்று எழுத அவர் கை வரவில்லை. அந்தக் குறிப்புகளில்தான், ஓர்க்குகளைக் கடுமையாக எதிர்த்தே ஆகவேண்டும், ஆனால் பிடிபட்டவனைச் சித்திரவதை செய்யக் கூடாது, தகவல் பெறுவதற்காகக்கூட; சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்டால் நமக்கு இழப்பு வந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்பது ஞானியர் போதனை என்று எழுதினார். போரின் கொடூரத்தில் அது எப்போதும் கடைப்பிடிக்கப்படவில்லை என்றும். நாவலில் ஹெல்ம்ஸ் டீப் போருக்குப் பின் மலைநாட்டு மனிதர்களுக்கு மன்னிப்பு உண்டு. ஓர்க் ஒருவனும் உயிரோடு இல்லை.

இதே மனிதர் 1958இல் ஒரு திரைக்கதையைத் திருத்தும் கடிதத்தில், ஓர்க்குகளின் முகத்தை ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மங்கோலியச் சாயலின் இழிந்த வடிவம் என்று விவரித்தார். அந்த வரியை நான் மன்னிக்கவில்லை. ஒரு கற்பனைக் குடிக்கு முகம் தேடி, உண்மையான மக்களின் முகத்தை எடுத்துக்கொண்டார். உயிர்ப்பிச்சை விதியை எழுதியதும் இதே கைதான். ஓர்க்குகளை ஆராய்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஷாக்ராட், கோர்பாக் இருவருக்கும் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேன். ஃப்ரோடோ போட்டிருந்த மித்ரில் கவசச் சட்டைக்காக இரண்டு பேரின் ஆட்களும் பிறகு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். கோர்பாக்கை ஷாக்ராட்டே கொன்றான். பையன்களைக் கூட்டிக்கொண்டு போகவிருந்த இடம் எங்கே என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கருங்கோட்டை இடிந்தபோது மற்ற ஓர்க்குகள் புற்று கலைந்த எறும்புபோலச் சிதறினார்கள். சிலர் தங்களையே கொன்றுகொண்டார்கள், சிலர் இருண்ட பொந்துகளுக்கு ஓடினார்கள். அந்தப் பொந்துகளின் பக்கம் எந்த ஹாபிட்டும் ஒளிந்திருக்கவில்லை. அதோடு அவர்கள் பேச்சு நமக்கு நின்றுவிட்டது.

மெரி வயதான காலத்தில் பிப்பினோடு தெற்கே போய் கோண்டோரில் இறந்தான். இருவரையும் நாட்டின் பெருமக்களை வைக்கும் மௌனத் தெருவில் வைத்தார்கள். நான்காம் யுகம் 120இல் அரசர் எலெஸ்ஸார் இறந்தபோது, ஹாபிட்டுகள் இருவரின் படுக்கைகளையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்கள் என்று பின்னிணைப்பு சொல்கிறது. மன்னருக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்தச் சின்ன உடலின் நெற்றியில் உக்லூக்கின் பெட்டி விட்டுப்போன பழுப்புத் தழும்பு இருந்தது.